சட்டையைத் தூக்கிப் பாருங்க, டாக்டர்

அந்த டாக்டரை நான் பத்து வருஷம் வெறுத்தேன். மனசுக்குள் வைத்துப் புழுங்குகிற வெறுப்பு இல்லை அது. காலையில் பல் விளக்கும்போதே, இன்றைக்கு அவருக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்க வைக்கிற வெறுப்பு. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. நர்ஸ் என்றால் கருணை என்று நினைக்கிறவர்கள் உண்டு. என்னிடம் கருணை இருந்தது, குழந்தைகளுக்கு. அவருக்குக் கொடுக்க மிச்சம் இல்லை.

ஐம்பதுகளின் கடைசியில் எனக்கு இருபத்து மூன்று வயது. சாணார்பட்டிப் பக்கம் தக்காளியும் கத்தரியும் போடுகிற வீட்டுப் பெண் நான். மதுரையில் நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு, திண்டுக்கல்லில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் சேர்ந்திருந்தேன். பன்னிரண்டு கட்டில், இரண்டு நர்ஸ், ஒரு கம்பவுண்டர், காலையில் மட்டும் வந்து போகிற ஒரு டாக்டர்.

மதுரையில் எனக்கு முதலில் சொல்லித் தந்தது, குழந்தையைத் தொடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும் என்பது. தொட்டால் அழும், அழுதால் மூச்சு மாறிவிடும். அதனால் தாய் வாசலில் நுழையும்போதே நான் பார்க்கத் தொடங்கிவிடுவேன். தோளில் கிடக்கிற பிள்ளை தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்க்கிறதா, துணி மாதிரி தொங்குகிறதா. கத்தி ஊரைக் கூட்டுகிற குழந்தைக்கு நான் பயந்ததே இல்லை. சத்தம் போடாமல் கண்ணை அரைவாசி திறந்துகொண்டு கிடக்கிற குழந்தையைக் கண்டால்தான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். வயிற்றுப்போக்கு என்று வந்தால் உச்சிக்குழி பள்ளமாகியிருக்கிறதா, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிகிறதா, அழும்போது கண்ணீர் வருகிறதா, கடைசியாக எப்போது மூத்திரம் போனது என்று பார்ப்போம், கேட்போம். சளி, இருமல் என்றால் சட்டையைத் தூக்கிவிட்டு, முழுசாக ஒரு நிமிஷம் மூச்சை எண்ண வேண்டும். கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்கக் கூடாது. குழந்தையின் மூச்சு ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். முழு நிமிஷமும் கூடவே போனால்தான் அது பிடிபடும்.

டாக்டர் அப்படி யாரோடும் ஒரு நிமிஷம் போகிறவர் இல்லை. ஆள் பார்க்க லட்சணமாக இருப்பார். வெள்ளைக் கால்சட்டை, வாசலில் கார், வாய் நிறையச் சிரிப்பு. "எந்த ஊரும்மா? நெய்க்காரப்பட்டியா? உங்க ஊர்த் தேங்காய்க்கு இருக்கிற ருசியே தனி" என்பார். அந்தப் பேச்சிலேயே தாய்க்குப் பாதி பயம் போய்விடும். பேசிக்கொண்டே சட்டைக்கு மேலேயே ஸ்டெதாஸ்கோப்பை வைத்து எடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடுவார். ஒன்பதரைக்கு அவர் கடைவீதிப் பக்கம் இருந்த தன் சொந்த கிளினிக்குக்குப் போய்விட வேண்டும். ஊரில் அவருக்கு நல்ல பெயர். ஏழைகளைத் திட்டாத டாக்டர் என்று சொல்வார்கள். அது உண்மைதான், அவர் யாரையும் திட்டியதில்லை.

ஒரு மார்கழிக் காலையில் பேகம்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய் வந்தாள். என்னைவிட இரண்டு, மூன்று வயது சின்னவள். புருஷன் தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்க்கிறவன். மடியில் எட்டு மாதப் பெண் குழந்தை, தலைப்பிள்ளை. மூன்று நாளாக இருமல் என்றாள். முந்தின ராத்திரியிலிருந்து பால் குடிக்கவில்லை என்றாள்.

நான் துணியை விலக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூடியது. கடிகாரத்தை வைத்து எண்ணினேன். அறுபத்து நாலு. நம்பாமல் இன்னொரு தரம் எண்ணினேன். அதே அறுபத்து நாலு. கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

"டாக்டர், மூச்சு அறுபத்தி நாலு. நெஞ்சுக்குழி உள்ள வாங்குது. பால் குடிக்கல. அட்மிட் பண்ணி பெனிசிலின் போட்டுறலாமா?"

அவர் அப்போது எழுந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தையின் பக்கம் குனிந்து கன்னத்தைத் தட்டினார். "குளிர் காலத்துல எல்லாப் புள்ளைங்களும் இப்படித்தாம்மா மூச்சு விடும். தாய் பயந்திருக்கா, அதைப் பார்த்து நீயும் பயப்படுறே. இருமல் மிக்சர் குடுத்து அனுப்பு. கட்டில் வேற காலி இல்லை."

இரண்டு கட்டில் காலியாக இருந்தது. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நான் இன்னொரு தடவை வாயைத் திறந்தேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அந்த மிக்சர் புட்டிக்குக் கார்க்கு போட்டுக் கொடுத்தது நான்தான். எத்தனை வேளை, எவ்வளவு என்று சொல்லிக் கொடுத்ததும் நான்தான். "நாளைக்கும் இப்படியே இருந்தா உடனே கொண்டாந்துரு" என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அன்று நான் வாசலில் நின்று கத்தியிருக்கலாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று வண்டி பிடித்து அனுப்பியிருக்கலாம். செய்யவில்லை. டாக்டர் சொன்னதற்கு மேல் நர்ஸ் பேசக் கூடாது என்று எனக்கும் ஊறியிருந்தது.

மறுநாள் மத்தியானத்துக்குள் கொண்டு வந்தார்கள். உயிர் இல்லை. தாய் என்னைக் கண்டதும் என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். "நீதானடி மருந்தக் குடுத்து அனுப்புன! நீதானடி ஒண்ணுமில்லன்னு அனுப்புன!" நான் ஒண்ணுமில்லை என்று சொல்லவே இல்லை. ஆனால் அனுப்பியது நான்தான். வார்டில் இருந்த அத்தனை தாய்மாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் புருஷன் வேலை பார்த்த தோல் ஷாப்பின் முதலாளி கேள்வி கேட்டதால், ஆஸ்பத்திரிக் கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் விசாரணைக்கு உட்கார்ந்தார்கள். என்னைக் கூப்பிட்டு கேஸ் ஷீட்டைக் காட்டினார்கள். புதுத் தாள். மூச்சு முப்பத்து நாலு என்று இருந்தது. கீழே என் கையெழுத்து மாதிரி ஒரு கையெழுத்து.

"இது நான் எழுதினது இல்லை" என்றேன்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "மூச்சை எண்ணிச் சொல்றது நர்ஸ் வேலை. சரியா சொல்லியிருந்தா நான் அட்மிட் பண்ணாம விடுவேனா? சின்னப் பொண்ணு, அனுபவம் போதாது."

அன்றைக்கே வேலை போயிற்று. படியிறங்கும்போது அவர் காரில் ஏறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "மனசுல வச்சுக்காதம்மா. உனக்கு வயசிருக்கு, வேற எங்கயாச்சும் கிடைக்கும்" என்றார். அந்தச் சிரிப்பு. அவர் என்னை அடித்திருந்தால்கூட நான் மறந்திருப்பேன் என்று நினைக்கிறேன். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை.

ஊரில் போய் இரண்டு மாதம் கிடந்தேன். அவருடைய காரைக் கல்லால் கீற வேண்டும் என்று நினைத்தேன். மொட்டைக் கடிதம் ஒன்று எழுதிக் கிழித்தேன். அவர் கிளினிக் வாசலில் மண்ணை வாரித் தூற்றுவது போல எத்தனையோ தடவை மனசுக்குள் பார்த்தேன். எதுவும் அவருக்கு உறைக்காது என்று தெரிந்தது. அதோடு, அந்தத் தாய் இன்னும் என்னைத்தான் சபித்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு சோற்றை இறங்க விடவில்லை.

பஸ் ஏறி பேகம்பூருக்குப் போனேன். முதல் தடவை மாமியார் கதவைச் சாத்தினாள். இரண்டாவது தடவை புருஷன் வெளியே வந்து, "போயிருங்கம்மா, அவ இன்னும் சரியாகல" என்றான். மூன்றாவது தடவை அவளே வந்து கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கட்டில் காலியாக இருந்தது, தாளை மாற்றியது, நான் வாயை மூடிக்கொண்டு மிக்சரைக் கொடுத்தது, எல்லாம்.

பிறகு கேட்டாள்: "நீங்க எண்ணுனது எம்புட்டு?"

"அறுபத்தி நாலு."

"அவரு எண்ணுனது?"

"அவர் எண்ணவே இல்லை."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "எனக்கு எண்ணக் கத்துக் குடுங்க" என்றாள். "நூறு வரைக்கும் தெரியும்."

கொழுந்தன் பிள்ளை உள்ளே தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் கையை எடுத்து அதன் வயிற்றில் வைத்தேன். கடிகாரம் அவர்களிடம் இல்லை. அதனால் எண்ணிக்கையைவிட முக்கியமாக, கைக்குப் பழக்கம் வர வேண்டும் என்றேன். நன்றாக இருக்கிற பிள்ளை தூங்கும்போது கை எப்படி ஏறி இறங்குகிறது என்று தினமும் வைத்துப் பார். அது கைக்குத் தெரிந்துவிட்டால், சீக்குப் பிள்ளையின் ஓட்டம் தானாகத் தெரிந்துவிடும். அப்புறம் விலாவுக்குக் கீழே பார், மூக்கைப் பார், பால் குடிக்கிறதா பார். அவள் ஒரு மணி நேரம் கையை எடுக்கவில்லை.

கொஞ்ச நாளில் எனக்கு நகராட்சியின் தாய் சேய் நல விடுதி ஒன்றில் வேலை கிடைத்தது. அப்போதெல்லாம் அங்கே பால் பவுடர் கொடுப்பார்கள். வாரத்தில் இரண்டு நாள் தாய்மார்கள் பாத்திரத்தோடு வரிசையில் நிற்பார்கள். நிற்கிற நேரத்தில் நான் கற்றுக் கொடுத்தேன். சிரங்குக்கு வீட்டில் எல்லோருமே மருந்து பூச வேண்டும், வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரை நிறுத்தக் கூடாது, கக்குவான் இருமலில் வாந்தி எடுத்த பிறகு மறுபடி ஊட்ட வேண்டும் என்றெல்லாம் சொல்வேன். கடைசியில் மூச்சு. ஒவ்வொருத்தி கையையும் பிடித்து அவள் பிள்ளையின் வயிற்றில் வைப்பேன். பிறகு ஒன்று சொல்வேன்: "டாக்டர்கிட்ட போனீங்கன்னா, 'சட்டையத் தூக்கிப் பாருங்க, மூச்ச எண்ணுங்க'ன்னு கேளுங்க. கூச்சப்படாதீங்க."

எந்த டாக்டர் என்று சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியதும் இல்லை. அந்த வரிசையில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் போவது அவரிடம்தான்.

என் மேலதிகாரியம்மா என்னைப் பொறுமைசாலி என்று மெச்சுவார். அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு தாயையும் நான் அவர் வாசலை நோக்கி எறிகிற கல்லாகத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். பேகம்பூர்க்காரி அவள் பங்குக்குத் தெருத்தெருவாகச் செய்தாள். யார் வீட்டில் பிள்ளை இருமினாலும் போய் வயிற்றில் கை வைப்பாள். சந்தேகம் என்றால் தாயோடு அவளும் கிளினிக்குக்குப் போவாள். ஒன்றும் பேசாமல் மூலையில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருப்பாளாம். சேதியை அவளே வந்து எனக்குச் சொல்வாள்.

"அக்கா, இன்னிக்கு நிலக்கோட்டைக்காரம்மா ஒண்ணு, 'எண்ணாம மருந்து எழுதாதீங்க டாக்டரய்யா'ன்னு கேட்டுருச்சு. அவரு மூஞ்சி செவந்துபோச்சு."

"அப்புறம்?"

"'நீ டாக்டரா நான் டாக்டரா'ன்னாரு. அது, 'நான் புள்ளயப் பெத்தவ'ன்னுச்சு."

அன்று ராத்திரி நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மூன்று, நான்கு வருஷம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் முற்பகல், பேகம்பூர்க்காரி ஒரு பக்கத்து வீட்டுப் பெண்ணோடு விடுதிக்கு ஓடி வந்தாள். அந்தப் பெண்ணின் தோளில் ஒன்றரை வயசுப் பையன். மணல்வாரி அம்மை போட்டு இறங்கின பிள்ளை. எண்ணினேன், அறுபது. குழி நன்றாக விழுந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டியதுதான். ஜட்கா பிடித்து மூவரும் ஏறினோம்.

கடைவீதி வழியாகப் போகும்போது அவர் கிளினிக் வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். வழியில்தான் இருக்கிறது, முதல் ஊசியை இங்கேயே போட்டுவிடலாம், அதுவும் நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. நோய் இவ்வளவு தெளிவாகத் தெரிகிற குழந்தை கையில் கிடைத்திருக்கிறதே என்று எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷம் வந்தது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் இறங்கினேன்.

கிளினிக்கில் இருபது பேர் இருந்திருப்பார்கள். நேராக உள்ளே போய்ப் பிள்ளையை மேஜைமேல் படுக்க வைத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீயா?" என்றார். அடையாளம் தெரிந்திருந்தது.

நான் கடிகாரத்தைக் கழற்றி அவர் முன்னால் வைத்தேன். "எண்ணுங்க டாக்டர். ஒரு நிமிஷம்."

"இதென்ன, எல்லாரும் காத்திருக்காங்க..."

"காத்திருக்கட்டும்" என்றாள் பேகம்பூர்க்காரி. கதவோரம் தாய்மார்கள் எட்டிப் பார்த்தார்கள். என் வரிசையில் நின்றவர்கள் பலர். அவர் ஸ்டெதாஸ்கோப்பைச் சட்டைமேல் வைத்தார். கடிகாரத்தில் பாதி நிமிஷம் போவதற்குள் எடுத்துவிட்டு, "நாப்பது இருக்கும்" என்றார்.

"அறுபது" என்றாள் பேகம்பூர்க்காரி. வாசலில் நின்ற இன்னொருத்தி, "எனக்கு இங்கருந்து பாத்தாலே தெரியுதே, புள்ளைக்கு மூச்சு இப்படி ஓடுது" என்றாள்.

"சட்டையத் தூக்கிப் பாருங்க, டாக்டர்" என்றேன்.

அவர் தூக்கினார். விலாவுக்குக் கீழே விழுந்த குழியை அந்த அறையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். பிறகு கம்பவுண்டரைக் கூப்பிட்டு பெனிசிலின் எடுத்து வரச் சொன்னார். அவரே போட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டும் எழுதினார்.

வண்டி ஏறுவதற்கு முன்னால் பேகம்பூர்க்காரி அவர் முன்னே போய் நின்றாள். "என்னத் தெரியுதா?"

அவர் பார்த்தார். "அடிக்கடி வருவீங்களே..."

"அதுக்கு முந்தி. எட்டு மாசப் புள்ள. பொம்பளப் புள்ள. நீங்க கன்னத்தத் தட்டுனீங்க."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதை என்னால் பார்க்க முடிந்தது. அவருக்கு ஞாபகம் வரவில்லை. என்னை ஞாபகம் இருந்தது, விசாரணை ஞாபகம் இருந்தது, அந்தக் குழந்தை ஞாபகம் இல்லை. அவள் முகம் போன போக்கைக் கண்டு எனக்கு அந்த மனுஷனின் கழுத்தைப் பிடிக்கலாம் போல இருந்தது.

பையன் பிழைத்துக்கொண்டான். பன்னிரண்டு நாள் படுக்கையில் இருந்தான். இருந்தாலும் அந்தக் கிளினிக்கில் நான் செலவழித்த நிமிஷங்களுக்கு நான் யாரிடமும் பதில் சொன்னதில்லை. ஊசி அங்கே சீக்கிரமாகவே போட்டார்கள் என்று சொல்லித் தப்பிக்கலாம். நான் ஊசிக்காகப் போகவில்லை.

அவருடைய கூட்டம் குறைந்தது. புதிதாக வந்த ஒரு டாக்டரம்மாவிடம் ஜனங்கள் போகத் தொடங்கினார்கள். நான் எதிர்பார்த்தது அதுதான். எதிர்பார்க்காதது வேறொன்று நடந்தது. அவர் எண்ண ஆரம்பித்துவிட்டார். வருகிற பிள்ளைக்கெல்லாம் சட்டையைக் கழற்றச் சொல்லி, கடிகாரத்தை மேஜையில் வைத்து, உதடு அசைய எண்ணுகிறார் என்று தாய்மார்கள் வந்து சொன்னார்கள். "இப்ப ரொம்ப நல்லாப் பாக்குறாருக்கா." எனக்கு எரிந்தது. அவரை அழிக்கப் போய் நல்ல டாக்டராக்கி வைத்திருந்தேன்.

ஒரு வருஷம் கழித்து அவர் விடுதிக்கே வந்தார். தலை நரைத்திருந்தது. அந்தத் தாளை மாற்றச் சொன்னது தான்தான் என்று கமிட்டிக்கு எழுதித் தருவதாகச் சொன்னார். என்னைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்றார்.

"எனக்கு எழுதித் தர வேண்டாம்" என்றேன். "பேகம்பூர்ல அந்த வீட்டு வாசல்ல போய்ச் சொல்லுங்க. தெரு கேக்கச் சொல்லுங்க."

"அது எப்படிம்மா முடியும்?"

"அப்ப போங்க."

போய்விட்டார். பேகம்பூருக்குப் போக மாட்டார் என்றே நினைத்தேன். நாலாம் நாள் போனார். ஜமாத்துப் பெரியவர் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு நடந்தே போனார். சேதி தெரிந்து நானும் போய் எதிர் வரிசை வீட்டுச் சுவரோரம் நின்றேன். புருஷன் வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தான், முழங்கை வரை சுண்ணாம்பு. பெண்கள் எல்லா வாசலிலும் நின்றார்கள். டாக்டர் சொன்னார்: நர்ஸ் சொன்னது சரி, நான்தான் பார்க்கவில்லை, தாளை மாற்ற வைத்ததும் நான்தான். முடித்துவிட்டு எதற்கோ காத்து நின்றார்.

வாசல் திரைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. "கேட்டுக்கிட்டோம். போங்க."

அவ்வளவுதான். அவர் வெயிலில் திரும்பி நடந்ததை நான் தெருமுனை வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன். உடம்பெல்லாம் குளிர்ந்தது எனக்கு. பாவம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. பிறகு உள்ளே போனேன். பிறந்து இரண்டு மாதமான தன் பையனுக்கு அவள் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "திருப்தியாடி?" என்று கேட்டேன். "இல்லக்கா" என்றாள். "ஆனா அவரு சொல்லாம இருந்ததுக்கு இது பரவால்ல."

அறுபதுகளின் கடைசியில் அவர் மாரடைப்பில் போய்விட்டார். கடைவீதியில் கடைகளை அடைத்தார்கள். நல்ல கூட்டம் என்றார்கள். ஏராளமான தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்களாம். பாதிப் பேருக்கு எண்ணச் சொல்லிக் கொடுத்தது நான். மேலதிகாரியம்மா என்னிடம், "நீ போகலையா? உனக்குத் தெரிஞ்சவராச்சே" என்றார். கக்குவான் இருமலோடு ஒரு கைக்குழந்தை அப்போது என் மடியில் இருந்தது. இருமி இருமி முகம் நீலமாகி, மூச்சு திரும்பி, வாந்தி எடுத்து ஓய்ந்திருந்தது. வேலை இருக்கிறது என்று சொன்னேன். குழந்தையின் வாயைத் துடைத்தேன். தாயைக் கொஞ்சம் பொறுத்து மறுபடி பால் கொடுக்கச் சொன்னேன். கையைக் கழுவிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

துக்கமாக இருந்தது என்று எழுதினால் படிக்கிறவர்களுக்குப் பிடிக்கும். இல்லை. சாயங்காலம் நான் பேகம்பூருக்குப் போனேன். அவள் ஆட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.